முதல்வர் அறையின் கிழக்குச் சுவர்

எங்கள் விலங்கியல் துறையில் இப்போது வேலை பார்க்கும் இளம் உதவிப் பேராசிரியை கோமதி போன வாரம் போன் செய்து அழாத குறையாகப் புலம்பினாள். அவளுடைய விடுப்பு விண்ணப்பம் கணினிக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம்.

"எல்லாம் ஆன்லைன் மேடம். யார்கிட்ட நிக்குதுன்னே தெரியல. ஒரு வட்டம் சுத்திக்கினே இருக்குது. உங்க காலத்துல லீவு யாரு மேடம் சாங்ஷன் பண்ணுவாங்க?"

"பல்லி" என்றேன்.

கோமதி உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்றும் விசாரித்துவிட்டு வைத்தாள். ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை, அதற்குள் மேடத்துக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இந்நேரம் துறை முழுக்கச் சொல்லியிருப்பாள். என் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று நிறுவுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் படித்த காலத்தில் விலங்கியல் என்றால் தவளை. தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு காலிலும் குண்டூசி குத்தி, நரம்பு அறுந்துவிடாமல் வெளியே எடுத்துக் காட்டுகிறவள் கெட்டிக்காரி. நான் கெட்டிக்காரி. அதை நம்பித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். சில வருடங்கள் போனதும் இனி எதையும் அறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான், தவளைகளுக்காக நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை போய்விட்டது. கல்லூரி ஒரு கணினித் தவளை வாங்கிக் கொடுத்தது. பொத்தானை அழுத்தினால் தோல் திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும். மின்சாரம் போனால் தவளையும் போய்விடும்.

ஆகவே ஆராய்ச்சிக்குத் திரும்பினேன். எங்கள் கல்லூரி சிறியது. பட்டு முதலாளிகள் சிலர் சேர்ந்து ஊருக்கு வெளியே, நெல் வயல்களுக்கு நடுவே கட்டியது. நுண்ணோக்கிக்கு லென்ஸ் கேட்டால் நிர்வாகத்தில் வேட்டி சேலைக்குக் கழிவு கேட்டதுபோலப் பார்ப்பார்கள். நான் வீட்டுப் பல்லியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அறிவியல் அல்ல. பல்லி தானாக வரும், தானாகச் சாப்பிடும், டெண்டர் விடத் தேவையில்லை.

ஆனால் ஊர் காஞ்சிபுரம். இங்கே மேலே பல்லி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். தலைக்குக் குளித்துவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்துக் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட வேண்டும். வெளியூர்க்காரர்கள் அதற்காக வேன் பிடித்து வருகிறார்கள். எங்கள் மாணவர்களுக்கு ஒரே டவுன் பஸ். பல்லி ஆய்வு தொடங்கிய முதல் வாரம் ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒருத்தி மேல் விழுந்தால் அவளுக்குத் துணையாக நாலு பேர் போனார்கள். யார் மேலும் விழாத நாளிலும் போனார்கள். கேட்டால், எதற்கும் முன்கூட்டியே தொட்டு வைத்துக்கொள்கிறார்களாம்.

அந்த நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு எஸ்தர் வந்து சேர்ந்தாள். பக்கத்தில் கூரம் கிராமத்துப் பெண். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா லாரி ஓட்டுகிறவர்.

"எங்களுக்குப் பல்லி தோஷம்லாம் கிடையாது மேடம், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றாள்.

"அப்ப நீதான் சரி."

"ஆனா பல்லின்னா பயம் மேடம்."

பயத்துக்குக் கோயில் போக வேண்டியதில்லை என்பதால் உடனே சேர்த்துக்கொண்டேன். அவள் அம்மா மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வரும்போது, "யாருக்கும் தெரியாம ஒருக்கா போய்த் தொட்டுட்டு வந்துடும்மா, எதுக்கும் இருக்கட்டும்" என்றாராம். அவள் போனாளா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பயம் இல்லாமல்தான் பிடித்தாள்.

பல்லி பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளக்கு வைத்த பிறகு டியூப்லைட்டைச் சுற்றி அவை கூடும். ஒட்டடைக் குச்சியின் நுனியில் மீன் பிடிக்கிற நரம்பால் சுருக்குப் போட்டு, பின்பக்கமாகக் கழுத்தில் மாட்டி, இழுக்காமல் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் வால் மட்டும் கையில் மிஞ்சும். பிடித்த பல்லிக்கு அடையாளம் போட அதன் விரல் நுனியை நறுக்குகிற வழக்கம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நாங்கள் நகப்பூச்சு வைத்தோம், முதுகில் ஒரு புள்ளி, வால் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. எங்கள் மாணவர்கள் பாதிப்பேர் தறி உள்ள வீட்டுப் பிள்ளைகள். முதுகுப் புள்ளியை 'உடம்பு' என்றும் வால் புள்ளியை 'பார்டர்' என்றும் அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். அரக்கு உடம்பு மாம்பழ பார்டர், மயில்கழுத்து உடம்பு கிளிப்பச்சை பார்டர் என்று சேலைக்கடையில் கூப்பிடுகிற மாதிரியே பல்லிகளைக் கூப்பிடுவார்கள். வால் உதிர்ந்துவிட்டால் "மேடம், பார்டர் போச்சி" என்று ஓடி வருவார்கள்.

எஸ்தர் எடுத்துக்கொண்டது பல்லியின் குரல். ஆண் பல்லி 'இது என் இடம்' என்பதற்காகக் குரல் கொடுக்கும். ஒவ்வொன்றின் குரலும் கொஞ்சம் வேறு. அவள் ஒலிப்பதிவுக் கருவியோடு சுவர் சுவராக உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் சத்தத்தை வைத்தே இது அரக்கு, இது மயில்கழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். நானும் ஓரளவு தேறினேன்.

இனி எங்கள் முதல்வர். வேதியியல்காரர். மாணவன் ஒரு சொட்டு அமிலம் கூட விட்டுவிட்டால் குடுவையைக் கழுவி மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறவர். யாரையும் அதட்டியதில்லை, ஒரு பைசா தொட்டதில்லை. ஒரே ஒரு சங்கடம், அவரால் கையெழுத்துப் போட முடியாது. பதவிக்கு வந்த புதிதில் போட்ட ஒரு கையெழுத்துக்காக நிர்வாகத்தில் திட்டு வாங்கினாராம். அடுத்த வாரமே போடாத ஒரு கையெழுத்துக்காகவும் திட்டு வாங்கினாராம். அன்றோடு அந்தப் பொறுப்பைப் பல்லியிடம் ஒப்படைத்துவிட்டார்.

அதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கோப்பைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார். ஒரு வரி விடாமல் படித்து, பிழை இருந்தால் பென்சிலால் வட்டம் போடுவார். பேனாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிழக்குச் சுவரிலிருந்து பல்லி சத்தம் வந்தால் நடுவிரலால் மேசையை மூன்று முறை தட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். வராவிட்டால் மூடியைப் போட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்பார். தெற்குச் சுவரில் சத்தம் வந்தால் அவர் கணக்கில் ஆகாது, அந்தக் கோப்பு அப்புறம் மாதக்கணக்கில் கண்ணில் படாது.

பல்லி பகலில் அதிகம் பேசாது. அதனால் எங்கள் கல்லூரியில் பகலில் எந்தக் கோப்பும் நகராது. மணி அடித்து மாணவர்கள் பஸ் ஏறிய பிறகு, விளக்குப் போடுகிற நேரத்துக்குப் பேராசிரியர்கள் கோப்போடு அவர் அறை வாசலில் வரிசையாக நிற்போம். உள்ளே டியூப்லைட் எரிகிறதா என்று அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்துச் சொல்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் நாலு நாள் சிரிப்பார்கள். ஐந்தாம் நாள் அவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

எஸ்தருடைய ஆய்வின் கடைசி அத்தியாயம், சொந்த இடத்திலிருந்து பிரித்து வேறிடத்தில் விட்டால் ஆண் பல்லி திரும்பி வருமா என்பது. அதற்குச் சில பல்லிகளை இடம் மாற்ற வேண்டும். அதில் ஒன்று முதல்வர் அறைக் கிழக்குச் சுவரில் குடியிருந்த அரக்கு. கல்லூரியிலேயே சுத்தமான குரல் அதற்குத்தான். முறைப்படி அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தோம். 'தங்கள் அறையின் கிழக்குச் சுவரில் வசிக்கும் ஆண் பல்லியை உயிரியல் கட்டடத்தின் பின்சுவருக்கு மாற்ற' என்று அதில் தெளிவாகவே இருந்தது. முதல்வர் படித்தார், 'மாற்ற' என்பதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார், மூடியைக் கழற்றினார், மேலே பார்த்தார். அரக்கு உடனே சத்தமிட்டது. மேசையில் மூன்று தட்டு. கையெழுத்து.

தன்னுடைய இடமாற்ற உத்தரவைத் தானே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன ஊழியர் எங்கள் கல்லூரியில் அது ஒன்றுதான்.

அந்தக் கணம் எங்களில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. முதல்வருக்கு அது தெய்வ வாக்கு, அந்த வாக்கு ஒரே ஒரு பல்லியின் வாயிலிருந்து வருகிறது என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. எங்களுக்கோ அது ஆய்வுப் பொருள்.

மறுநாளிலிருந்து கிழக்குச் சுவர் பேசவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் "பார்க்கலாம்" வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. மோட்டார் ரிப்பேருக்குக் கையெழுத்தாகாமல் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. விளையாட்டு விழாவுக்கு வாங்கிய கோப்பைகள் விழா இல்லாமல் தூசி படிந்தன. எங்கள் நூலகர் ஓய்வு பெற்று மாலையும் போட்டாயிற்று, ஆனால் விடுவிப்பு ஆணையில் கையெழுத்தாகவில்லை. அதனால் தினமும் வந்து நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தார். "வூட்ல போனா ஏன் வந்தன்றாங்க, இங்க வந்தா ஏன் போவலன்றாங்க" என்று என்னிடம் வந்து உட்கார்ந்துகொள்வார்.

நான் அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவள்தான். எஸ்தருடைய ஆய்வேடு தயாரானபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஆய்வேட்டை முதல்வர் கையெழுத்தோடுதான் பல்கலைக்கழகம் வாங்கும். அவளுக்குக் கொடுத்த காலக்கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. ஏற்கெனவே ஒரு நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனி கிடைக்காது. தேதி தப்பினால் பதிவு ரத்து, இத்தனை வருட உழைப்பும் குப்பைக்கு.

"எங்கப்பா லாரி முன்னாடி என் பேர எழுதிட்டாரு மேடம்" என்றாள் எஸ்தர். "டாக்டர்னு போட்டு. பெயிண்ட்டு காஞ்சிகூடப் போச்சி."

அரக்கைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று உயிரியல் கட்டடப் பின்சுவருக்கு ஒட்டடைக் குச்சியோடு போனோம். இதற்குள் அரக்கு தோல் உரித்துவிட்டது, புள்ளி போயிற்று. வாலும் உதிர்ந்திருக்க வேண்டும், பார்டரும் போயிற்று. நீளமான அந்த வெளிச்சுவரில் அடையாளம் இல்லாத ஆண் பல்லிகள் ஏழெட்டு இருந்தன. குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், புது இடத்துக்குப் போன ஆண் பல்லி வாயைத் திறக்காது. இது எஸ்தரே ஆய்வேட்டில் எழுதியிருக்கும் முடிவு. சரி, வேறொன்றை வைப்போம் என்று பக்கத்து அறைச் சுவரிலிருந்து மயில்கழுத்தைப் பிடித்து முதல்வர் அறைக் கிழக்குச் சுவரில் விட்டோம். மறுநாளே அது தன் பழைய சுவருக்குத் திரும்பிவிட்டது. கட்டடம் மாற்றினால் திரும்பாத ஆண் பல்லி, பக்கத்தில் விட்டால் சொந்த இடத்துக்குத் திரும்பும் என்பதும் எஸ்தர் எழுதியிருக்கும் முடிவுதான். ஒரு ஆய்வேடு இவ்வளவு சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. அது சரியாக இருந்த ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் திட்டினேன்.

இந்த நேரத்தில் இயற்பியல் துறைச் சம்பந்தம் சார் ஒரு காரியம் செய்தார். அவருக்கு ஊட்டியில் ஒரு பயிற்சி முகாம், அனுமதிக் கோப்பு நின்றுகொண்டிருந்தது. அரக்கின் குரலை எஸ்தர் எப்போதோ ஒரு மாணவிக்கு வாட்ஸப்பில் அனுப்ப, அது கைமாறி அவரிடம் போயிருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், முதல்வர் மேலே பார்த்த நேரத்தில் பையைத் தட்டிவிட்டார். ஒலியியல் பாடம் நடத்துகிறவர், தான் உட்கார்ந்திருந்தது தெற்குப் பக்கத்து நாற்காலி என்பதை யோசிக்கவில்லை. முதல்வர் திடுக்கிட்டுத் தெற்கே திரும்பினார். சம்பந்தம் சார் பதறிப் பையை அமுக்க, அது மறுபடி கத்தியது. நிறுத்தப் பார்க்க, இன்னொரு முறை கத்தியது.

முதல்வர் முகம் வெளிறிப் பேனாவை மூடினார். நேரே வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனதாகக் கேள்வி. மறுநாளிலிருந்து அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வராந்தாவில் மேசை போடச் சொல்லி அங்கே உட்கார்ந்துகொண்டார். வராந்தாவில் சுவரும் இல்லை, கூரையோ தகரம்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. "இன்னொரு தடவை, சரியான பக்கத்துல வெச்சி..." என்று சம்பந்தம் சார் வந்து நின்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சபலம் வந்தது. எஸ்தர்தான் தலையாட்டினாள்.

"வேணாம் மேடம். இத்தினி வருஷமா அதுங்க என்ன சொல்லுதுன்னு கேட்டு எழுதிக்கினு இருக்கேன். நானே ஒண்ண சொல்ல வெச்சா அப்புறம் எத நம்புறது? நான் போயி சார்கிட்ட சொல்லிடுறேன்."

அன்று மாலை வராந்தாவுக்குப் போனோம். வழக்கப்படி கோப்போடு ஒரு கூட்டம் நின்றது. எஸ்தர் ஆய்வேட்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"சார், உங்க ரூம்ல கிழக்குச் சுவத்துல இருந்த பல்லிய நாங்கதான் எடுத்துக்கினு போனோம். நீங்கதான் சார் பர்மிஷன் குடுத்தீங்க."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்க இருந்தது ஒண்ணே ஒண்ணாம்மா?"

"ஒண்ணுதான் சார். ஒரு ரூம் சுவத்துக்கு ஒரு ஆண்தான் இருக்கும்."

"இத்தன வருஷமும் அது ஒண்ணுதானா?"

"இதுக்கு முன்னாடி வேற ஒண்ணு இருந்திருக்கும் சார். அதுங்க ஆயுசு கம்மி."

அவர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கன்ட்ரோல் வெச்சீங்களா? ஒப்பிட்டுப் பாக்க ஒண்ண மாத்தாம விட்டீங்களா?" என்று கேட்டார்.

"தெற்குச் சுவத்துப் பல்லிய அப்படியே விட்டோம் சார்."

"அது சரி" என்று தலையசைத்தார். பிறகு ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "இப்ப எங்க இருக்குது அது?"

உயிரியல் கட்டடத்தின் பின்னால் எல்லோரும் போனோம். முன்னால் முதல்வர், அப்புறம் எஸ்தரும் நானும், எங்களுக்குப் பின்னால் ஓய்வு பெற்றும் போகாத நூலகர், சம்பந்தம் சார், கோப்பு வைத்திருந்த மற்ற எல்லோரும். கல்யாண ஊர்வலத்தில்கூட இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை. பின்சுவரில் விளக்கு எரிந்தது. சுற்றிலும் பல்லிகள்.

"எது?" என்றார் முதல்வர்.

"தெரியல சார். இதுல ஒண்ணு."

"இது என்ன திசை?"

சம்பந்தம் சார் போனில் திசைகாட்டியைத் திறந்து, "ஈசானியம் சார், ரொம்ப நல்லது" என்றார். அது வடக்கு என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன்.

முதல்வர் ஆய்வேட்டை ஜன்னல் திட்டில் பிரித்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். எஸ்தரின் ஒலிப்பதிவுக் கருவி வழக்கம்போல ஜன்னல் கம்பியில் தொங்கிப் பதிவு செய்துகொண்டிருந்தது. கொசு கடித்தது, யாரும் அடிக்கவில்லை. வயலில் எங்கேயோ தவளை கத்தியது, அது கணக்கில் சேராது. பல்லிகள் பூச்சியைத் தின்றுகொண்டிருந்தனவே தவிர, ஒன்றும் வாயைத் திறப்பதாக இல்லை. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. என் வாழ்க்கையில் ஒரு பல்லியைப் பார்த்து நான் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

அப்போது சத்தம் வந்தது. ச்சு, ச்சு, ச்சு.

பின்னால் நின்றவர்கள் "அப்பாடா" என்றார்கள். நூலகர் ஜன்னல் கம்பியைத் தட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதல்வர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து, ஆய்வேட்டை எஸ்தர் கையில் கொடுத்தார்.

"சொல்லிடுச்சும்மா. நாளைக்கே கொண்டுபோய்ச் சேத்துடு."

எஸ்தர் என் முழங்கையைப் பிடித்தாள். "மேடம், அது பல்லி இல்ல" என்றாள் காதோரம்.

"தெரியும்" என்றேன். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல், உதட்டைத் திறக்காமல், அவர் கன்னம் மூன்று முறை அசைந்ததைப் பார்த்தேன். ஒரு விடுப்புக் கடிதத்துக்குக்கூடத் தன் பொறுப்பில் சரி என்று சொல்லத் துணியாத மனிதர் அவர்.

சம்பந்தம் சார் சந்தடி சாக்கில் ஊட்டிக் கோப்பை நீட்டினார். முதல்வர் வாங்கிப் படித்தார், நிமிர்ந்து பார்த்தார், காத்திருந்தார். "பார்க்கலாம்" என்று மூடியைப் போட்டார்.

சில மாதம் கழித்து எஸ்தருக்கு வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். கல்லூரி வாசலில் லாரி நின்றது, முகப்பில் 'டாக்டர் எஸ்தர்' என்று மஞ்சளில் எழுதியிருந்தது. அப்பாவும் அம்மாவும் அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் முதல் வரிசையில். வெளியூர்த் தேர்வாளர் பொல்லாதவர், ஒரு எண்ணையும் விடாமல் பார்த்திருந்தார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கடைசி நாள் பதிவு. இது மட்டும் நீங்க அடையாளம் கண்ட எந்தப் பல்லியோட குரலோடும் சேரலையே. பட்டியல்லயும் சேக்காம, 'அடையாளம் காணப்படாத ஆண்'னு திருத்தத்துல அடிக்குறிப்பு போட்டு விட்டிருக்கீங்க. அழிச்சிருக்கலாமே?"

"பதிவானத அழிக்கக் கூடாது சார்" என்றாள் எஸ்தர்.

"சரி, அப்ப அது யாரு?"

"வயசான ஆண் சார். நான் பாத்துக்கினு இருந்த காலம் பூரா அது குரலே குடுத்ததில்ல. அன்னிக்கு ஒரு தடவதான் குடுத்துச்சு."

"எதுக்காகக் குடுத்ததுன்னு நினைக்கிறீங்க?"

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "ஆண் குரல் குடுக்குறது தன் இடத்துக்குத் தான்தான் பொறுப்புன்னு சொல்றதுக்கு சார்" என்றாள்.

தேர்வாளர் குறித்துக்கொண்டார். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடுவிரலால் நாற்காலிக் கையை மூன்று முறை தட்டினார்.